விதையும் விளைநிலமும்: ஆவேசத்தின் பொறுப்பு யாரைச் சாரும்?

மனிதன் செய்யும் பிழைகள் இருவகைப்படும். எண்ணித் துணிந்து செய்யும் பிழை ஒன்று. எண்ணுவதற்கு முன்பே கையும் நாவும் செய்துவிடும் பிழை மற்றொன்று. முன்னதைச் செய்தவன் அதனை மறைக்க முயல்கின்றான். பின்னதைச் செய்தவனோ பெரும்பாலும் அதனைக் கண்டு தானே திகைத்து நிற்கின்றான். ஓங்கிய கை தாழ்ந்த பிறகு, சொல்லத் தகாத சொல் வாயினின்றும் புறப்பட்ட பிறகு, "நானா இதைச் செய்தேன்?" என்று அவன் உள்ளமே அவனை வினவுகின்றது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் முன்னோர் சுருங்கச் சொல்லி வைத்தனர். அந்த ஆத்திரம் எங்கிருந்து வருகின்றது என்பதே நாம் இங்கே சிந்திக்கப் புகும் பொருள்.

விருப்பமின்றியும், யாரோ பலவந்தமாக ஏவியது போல மனிதன் ஏன் பாவம் செய்கின்றான் என்று கீதையின் மூன்றாவது அத்தியாயத்தில் பார்த்தன் வினவுவதை அன்பர்கள் அறிவர். காமமும் குரோதமுமே காரணம் என்பது அங்கே கிடைக்கும் மறுமொழி. அப்பெரு வினாவின் ஒரு சிறு கிளையை மட்டும் நாம் பற்றிக்கொள்வோம். குரோதம் எல்லோருக்கும் பொது. அவ்வாறிருக்க, ஒரே வீட்டில் பிறந்து ஒரே உணவை உண்டு வளர்ந்த இருவருள் ஒருவனுக்கு அது அடங்கி நிற்பதும், மற்றவனுக்குக் கட்டுக்கடங்காமல் எழுவதும் எதனால்?

இதற்கு ஊரார் இரண்டு விடைகளைக் கைவசம் வைத்திருக்கின்றனர். "அது பிறவிக் குணம், அப்பனைப் போலவே பிள்ளை" என்பது ஒன்று. "வளர்த்தவர்கள் சரியாக வளர்க்கவில்லை, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது மற்றொன்று. முதல் விடை பிள்ளையைக் கை கழுவி விடுகின்றது. இரண்டாவது விடை பெற்றோரைக் கூண்டில் ஏற்றுகின்றது. இவ்விரண்டில் எது மெய் என்னும் வழக்கைக் கடந்த சில பத்தாண்டுகளில் விஞ்ஞானிகள் பொறுமையுடன் ஆராய்ந்துள்ளனர். அவர்கள் கண்டது, இரண்டும் தனித்து நின்றால் அரை மெய்யே என்பதாகும்.

விதையைத் தேடியவர்கள்

ஹாலந்து நாட்டில் ஒரு குடும்பம். அக்குடும்பத்து ஆண்கள் பலரிடம் தலைமுறை தலைமுறையாக ஒரு விபரீதம் காணப்பட்டது. சிறிய காரணத்துக்கும் அடக்கவொண்ணாத வெறி கொள்ளுதல், தாக்குதல், தீ வைத்தல் போன்ற செயல்கள் அவர்களிடம் வெளிப்பட்டன. அறிவு வளர்ச்சியும் சற்றுக் குன்றியிருந்தது. பெண்களிடம் இக்குறை இல்லை. டாக்டர் ஹான் ப்ரூனர் என்பாரும் அவருடைய சகாக்களும் இக்குடும்பத்தை ஆராய்ந்து, 1993-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் ஏ என்னும் என்ஸைமை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதன் விளைவாக அந்த என்ஸைம் அவ்வாண்களின் உடலில் வேலை செய்யவே இல்லை.

நம் நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஸெரடோனின், டோபமைன், நாரட்ரினலின் முதலிய இரசாயனத் தூதர்கள் உண்டு. தூது முடிந்ததும் அவர்களை அகற்றித் துப்புரவு செய்வது மேற்படி என்ஸைமின் தொழில். இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு ஈடு செய்யும். ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாயினிடமிருந்து வருவது. எனவேதான் குறை ஆண்களிடம் மட்டும் வெளிப்பட்டது.

செய்தி பரவியதும் "ஆக்கிரமிப்பு மரபணு கண்டுபிடிக்கப்பட்டது" என்று பத்திரிகைகள் முழங்கின. அப்படி ஒன்று இருப்பதாகப் பேசுவது பொருந்தாது என்று ப்ரூனரே பின்னர் எச்சரித்தார். என்ஸைம் அறவே இல்லாத நிலை மிக மிக அரியது. பொதுமக்களிடம் காணப்படுவது வேறு: சிலருக்கு அந்த மரபணு மிகுந்த வேகத்துடனும், சிலருக்குக் குறைந்த வேகத்துடனும் வேலை செய்கின்றது. ஐரோப்பிய வமிசத்து ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குறைந்த வேக வடிவமே அமைந்துள்ளது. அவர்கள் அனைவரும் முரடர்களா? இல்லை என்பது கண்கூடு. அப்படியாயின் வேறு ஏதோ ஒன்று அதனோடு சேர வேண்டும்.

விளைநிலத்தைக் கண்டவர்கள்

அந்த ஒன்றைக் கண்டுகொள்ள நியூசிலாந்து நாட்டு டனீடன் நகரம் உதவியது. 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை அந்நகரில் பிறந்த குழந்தைகளில் 1,037 பேரை மூன்றாம் வயதில் ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டனர். அவர்களது உடல்நலம், குணம், படிப்பு, குடும்பச் சூழ்நிலை, பிற்கால வாழ்க்கை ஆகியவற்றைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து குறித்து வந்தனர். ஓர் ஊரின் ஓராண்டுக் குழந்தைகளை முதிர்ந்த பருவம் வரை விடாது பின்தொடர்ந்த இப்பணி, பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு.

இவர்களுள் 442 ஆண்களைப் பற்றி அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மாஃபிட் முதலியோர் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் பெரிதும் பேசப்பட்டன. மூன்று முதல் பதினோரு வயது வரையில் ஒவ்வொருவரும் பட்ட துன்பத்தை முதலில் கணக்கிட்டனர். தாயின் வெறுப்பு, வளர்ப்பவர் அடிக்கடி மாறுதல், கடுந்தண்டனை, அடி உதை, தகாத தீண்டல் ஆகியவை அக்கணக்கில் அடங்கும். நூற்றுக்கு 8 பேர் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டிருந்தனர். 28 பேர் ஓரளவு துன்பம் கண்டிருக்கக்கூடும். 64 பேருக்கு அத்தகைய துன்பம் இல்லை. பின்னர் அவர்களது மரபணுவைப் பார்த்தனர்.

குறைந்த வேக மரபணு இருந்தும் அன்புடன் வளர்க்கப்பட்டவர்கள், பிறரைக் காட்டிலும் முரடர்களாகவில்லை. துன்புறுத்தப்பட்டவர்களிலும், மிகுந்த வேக மரபணு அமைந்தவர்களை அத்துன்பம் அவ்வளவாகக் கெடுக்கவில்லை. குறைந்த வேக மரபணு, சிறுவயதுக் கொடுமை ஆகிய இரண்டும் ஒருவனிடத்தில் கூடியபோதுதான் தீங்கு பெருகிற்று. இவ்விரண்டும் கூடியவர்கள் நூற்றுக்கு 12 பேரே. ஆயினும் வன்முறைக் குற்றங்களுக்காக விதிக்கப்பட்ட தண்டனைகளில் 44 விழுக்காடு அவர்களைச் சார்ந்ததாக இருந்தது.

விதை மட்டுமன்று, நிலம் மட்டுமன்று, இரண்டும் கூடிய கூட்டுறவே விளைவு என்பது இதனால் விளங்கும். இதனை அளவு கடந்தும் எடுத்துக்கொள்ளலாகாது. பின்னர் நடந்த ஆய்வுகளில் சில இதனை உறுதிப்படுத்தின. சில அவ்வாறு காணவில்லை. பல ஆய்வுகளை ஒருங்கே சேர்த்து 2014-இல் செய்த மதிப்பீடு, ஆண்களைப் பொறுத்தவரை இத்தொடர்பு இருக்கின்றது என்றே கூறிற்று. மேலும், தன்னடக்கம் ஒரு மரபணுவின் கையில் இல்லை. 15 லட்சம் மக்களின் விவரங்களைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்வு, தன்னடக்கக் குறைவோடு தொடர்புடைய 500-க்கும் மேற்பட்ட இடங்களை மரபுப் பொருளில் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. இதை மறந்து ஒரு மரபணுவுக்குப் "போர்வீரன் மரபணு" என்று பெயர் சூட்டியதால் நேர்ந்த தீங்கும் உண்டு. நியூசிலாந்தின் ஆதிகுடிகளான மாவோரி மக்களிடம் அது மிகுதி என்ற பேச்சு 2006-இல் எழுந்து, ஓர் இனத்தின் மீதே பழி சுமத்துவதாகுமென்று பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. தனி மனிதனைப் பிறப்பால் பழிப்பது பிழையெனில், ஒரு குலத்தைப் பழிப்பது அதனினும் பெரும் பிழையன்றோ?

தேரும் முட்டுக்கட்டையும்

இக்கூட்டுறவு உடலுக்குள் எங்ஙனம் நிகழ்கின்றது? திருத்தேர் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வடம் பிடிப்போர் ஆயிரம் பேர். முட்டுக்கட்டை போடுவோர் சிலரே. ஆயினும் அச்சிலர் தக்க கணத்தில் சக்கரத்தின் கீழே கட்டையைச் செருகாவிடில் தேர் திரும்பாது, நிற்காது. வீதியோரத்து வீட்டின் மீது மோதும். நம் தலைக்குள்ளும் இவ்விரு கூட்டத்தாரும் உளர். மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதி, அபாயம் என்று கண்டவுடன் உடலைக் கிளர்ந்தெழச் செய்கின்றது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, "பொறு" என்று கட்டை போடுகின்றது. இது முழு வளர்ச்சி அடைவது இருபத்தைந்து வயதை ஒட்டியே. குறைந்த வேக மரபணு கொண்ட ஆண்களிடம் முன்னதன் கிளர்ச்சி சற்று மிகுந்தும், பின்னதன் கட்டுப்பாடு சற்றுக் குறைந்தும் இருப்பதை 2006-இல் மூளையைப் படம் பிடித்துச் செய்த ஆய்வு காட்டிற்று.

இப்படிப்பட்ட அமைப்புடன் பிறந்த குழந்தையை நாள்தோறும் அச்சத்தில் வைத்தால் என்னவாகும்? காலடி ஓசை கேட்டாலே உடல் விறைக்கும். எதிரில் வருபவர் முகம் சற்றுக் கடுத்தாலும் அடி விழப் போகின்றது என்று மனம் முந்திக்கொள்ளும். அவ்வீட்டில் அதுவே தற்காப்பு. வளர்ந்து வெளியே வந்த பின்னரோ, அதே தற்காப்பு பிறர் கண்ணுக்கு முரட்டுத்தனமாகத் தோன்றுகின்றது.

இவ்விஷயத்தில் எலிகளைக் கொண்டு மான்ட்ரியால் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வு நெஞ்சைத் தொடுவது. சில தாய் எலிகள் தம் குஞ்சுகளை மிகுதியாக நக்கி நீவிக் கொடுக்கும். சில அங்ஙனம் செய்யா. நீவப்பெற்ற குஞ்சுகள் வளர்ந்தபின் அமைதியுடையனவாயும், மற்றவை எளிதில் மிரள்வனவாயும் இருந்தன. பிறந்தவுடன் குஞ்சுகளை மாற்றி வைத்தபோது, பெற்றவளைப் போலாகாமல் வளர்த்தவளுக்கேற்ப அவை ஆயின. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதன் மேல் ஒட்டியிருந்த இரசாயன முத்திரை மாறியிருந்தது. எலிக்கு உள்ளதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளுதல் தகாது. எனினும் தாயின் ஸ்பரிசம் உடலின் உள்ளே எழுதப்படுகின்றது என்பதற்கு அது ஒரு சான்று.

மரபணுவே தலைவிதி என்று அஞ்சுவோர்க்கு வேறோர் உதாரணம். ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவி நோயை நார்வே நாட்டு வைத்தியர் ஃபோலிங் 1934-இல் கண்டார். உணவிலுள்ள ஒரு சத்தைச் சீரணிக்கவியலாமல் அது மூளையைக் கெடுத்துவிடும். பிறந்தவுடன் கண்டறிந்து அச்சத்தைக் குறைத்து உணவளித்தால் குழந்தை நன்கு வளர்கின்றது. விதை மாறவில்லை, உணவு மாறிற்று, விளைவும் மாறிற்று.

பழி வேறு, பொறுப்பு வேறு

இனி நம் வினாவுக்கு வருவோம். விதையையும் அவன் தேர்ந்துகொள்ளவில்லை. நிலத்தையும் அவன் தேர்ந்துகொள்ளவில்லை. அவ்வாறிருக்க அவன் கை செய்த குற்றத்துக்கு அவனைத் தண்டிப்பது எங்ஙனம் நீதியாகும்?

நீதிமன்றங்களே இவ்வினாவின் முன் தடுமாறியுள்ளன. இத்தாலியின் த்ரியெஸ்தே நகரத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல், ஒரு கொலை வழக்கில் குற்றவாளியின் மரபணுவையும் கருத்திற்கொண்டு சிறைவாசத்தில் ஓராண்டைக் குறைத்தது. அமெரிக்காவில் 181 நீதிபதிகளிடம் ஒரு கற்பனை வழக்கை அளித்துச் செய்த ஆய்வு 2012-இல் வெளியாயிற்று. பிறவிக் காரணம் எடுத்துரைக்கப்பட்டபோது அவர்கள் விதித்த தண்டனை சராசரியாக ஏறத்தாழ ஓராண்டு குறைந்தது. ஆயினும் அதே காரணத்தை, "இவன் இனியும் அபாயமானவன்" என்பதற்குச் சான்றாகவும் நீதிபதிகள் கருதினர். ஆம், இவ்வாதம் இருபுறமும் கூரான கத்தி. "என் பிறவி அப்படி" என்பவன் தன்னை விடுவித்துக்கொள்வதாக நினைக்கின்றான். உண்மையில் தன்னைத் திருத்தவொண்ணாதவன் என்று தானே சாட்சி சொல்லிக்கொள்கின்றான்.

இச்சிக்கலினின்றும் விடுபடும் வழி, பழியையும் பொறுப்பையும் பிரித்தறிவதே. தகப்பன் பட்ட கடனை எண்ணிப் பாருங்கள். அதை மகன் வாங்கவில்லை, செலவழிக்கவும் இல்லை. கடன்பட்டவன் என்ற பழி அவனுடையதன்று. எனினும் வாசலில் வந்து நிற்கும் கடன்காரனுக்கு விடை சொல்ல வேண்டியவன் அவனே. மனம் நொந்து, வயிற்றைக் கட்டி அதனைத் தீர்ப்பவனை உலகம் போற்றுகின்றது. "நான் வாங்கியதன்று" என்று மேலும் கடன் வாங்கித் தன் மகன் தலையில் சுமத்துபவனை யார் போற்றுவர்? பிறவியாலும் இளமைத் துன்பத்தாலும் வந்த ஆவேசம் இத்தகைய கடன். பழி பின்னோக்கிச் செல்வது. பொறுப்பு முன்னோக்கிச் செல்வது. நேற்று வரை நடந்ததற்குப் பழி மூவரிடமோ முப்பதின்மரிடமோ பகிரப்படலாம். இன்று ஓங்கும் கையைத் தாழ்த்தும் பொறுப்பு அக்கைக்கு உடையவன் ஒருவனிடமே உள்ளது.

இதில் மூன்றாமவர் ஒருவர் இருக்கின்றார் என்பதையும் மறக்கலாகாது. அவரே அடிபடுபவர். அடிப்பவன் தன் விதையைத் தேர்ந்துகொள்ளவில்லை என்பது உண்மையானால், அடிபடும் மனைவியும் மகவும் அவன் கையைத் தேர்ந்துகொள்ளவில்லை என்பதும் உண்மையே. "அவர் சுபாவம் அப்படி, நீதான் பொறுத்துப் போக வேண்டும்" என்று ஒரு பெண்ணை மீண்டும் அதே வீட்டுக்கு அனுப்பி வைப்பவர்கள், காரணம் அறிதலைக் கருணை என்று தவறாக எண்ணுகின்றனர். கருணை என்பது அடிப்பவனை வெறுக்காதிருத்தல். அடியைத் தொடர விடுதல் அன்று. அடிபட்டவரைக் காத்துப் பத்திரமான இடத்தில் நிறுத்திய பிறகே அடித்தவனது காரணத்தை ஆராய்வது முறை.

ஆகவே ஒரு நியதியை நாம் கைக்கொள்ளலாம். பிறர் குற்றத்தைக் காணும்போது அவருடைய விதையையும் நிலத்தையும் நினைத்தல். தன் குற்றத்தைக் காணும்போது தன் முயற்சியை நினைத்தல். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு. நம் கோபத்துக்குக் காரணங்களை அடுக்குகின்றோம்; பிறர் கோபத்துக்குக் குணக்கேடு என்று பெயரிடுகின்றோம்.

முயற்சிக்குப் பலன் உண்டா?

உண்டு. அதே டனீடன் நகரத்துக் குழந்தைகளைப் பற்றி 2011-இல் மற்றொரு முடிவு வெளியாயிற்று. இளமையில் தன்னடக்கம் மிக்கவராக இருந்தோர், 32 வயதில் உடல்நலத்திலும் பொருள்நிலையிலும் மேம்பட்டிருந்தனர். குற்ற வழக்குகளிலும் குறைவாகவே சிக்கினர். இதனினும் முக்கியம் ஒன்று: இளமையில் அடக்கம் குன்றியிருந்தும், வளர வளர அதனைப் பெருக்கிக்கொண்டவர்களின் வாழ்வு, எதிர்பார்த்ததைக் காட்டிலும் நன்றாக அமைந்தது. தன்னடக்கம் பிறவியோடு முடிந்துபோகும் சொத்தன்று. ஈட்டவும் கூடிய சொத்து.

அதை ஈட்ட முதலில் உதவ வேண்டியவர்கள் வளர்ப்பவர்களே. எல்லாக் குழந்தைகளும் ஒரே விதையல்ல. சில குழந்தைகள் எந்நிலத்திலும் பிழைத்துக்கொள்ளும். சில, தண்ணீர் ஒரு வேளை தப்பினாலும் வாடும். முரண்டு பிடிக்கும் பிள்ளைக்கே அடி அதிகம் விழுவது நம் வீடுகளில் வழக்கம். டனீடன் கணக்கைக் கொண்டு பார்த்தால், அடி எவனை மிகுதியும் கெடுக்குமோ அவனுக்கே அதனை மிகுதியும் அளிக்கின்றோமோ என்று அஞ்ச வேண்டியிருக்கின்றது. "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கிறது" என்று குழந்தையின் காதுபடச் சொல்வதும் ஓர் அடியே. அது விதையைக் காட்டி நிலத்தைக் கெடுப்பது. கண்டிப்பு வேண்டாம் என்பதன்று. கண்டிப்பில் முறை வேண்டும். இன்று சிரித்த செயலுக்கு நாளை அடி என்னும் நிலை கூடாது. தாயோ, தந்தையோ, பாட்டியோ, ஆசிரியரோ, என்றும் மாறாத முகத்துடன் தன்னை ஏற்கும் ஒருவரேனும் குழந்தைக்கு வேண்டும்.

வளர்ந்துவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. தம் தேர் எந்த முடுக்கில் தடுமாறும் என்பதை ஒவ்வொருவரும் அறிந்து வைத்துக்கொள்ளலாம். பசியிலா, களைப்பிலா, குடியிலா, குறிப்பிட்ட ஒருவர் பேச்சிலா என்று கண்டுகொண்டால், கட்டையை முன்கூட்டியே கையில் வைத்திருக்கலாம். அவ்விடத்தை விட்டு அகலுதல், மறுமொழியை மறுநாளைக்கு ஒத்திவைத்தல், மருத்துவரிடமோ மனமறிந்த பெரியவரிடமோ மனம் திறந்து பேசுதல் ஆகியவை இழுக்கல்ல.

உற்சவ காலத்தில் வீதியில் நின்று நோக்கினால், தந்தையரின் தோள்மேல் அமர்ந்து தேர் பார்க்கும் எத்தனையோ குழந்தைகளைக் காணலாம். அவர்களுள் எவனுக்கு எந்த விதை வாய்த்திருக்கின்றது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டுவதில்லை. அவனைத் தாங்கும் தோள் எத்தகையது என்பது நம் கையில் இருக்கின்றது. விதையைக் குறை கூறுதல் ஒழித்து, நிலத்தைப் பண்படுத்தும் தொண்டில் நம்மால் இயன்றதைச் செய்வோமாக. நமக்கு வந்த கடனை நம்மோடு தீர்த்து, வரும் தலைமுறையை அதனினின்றும் விடுவிப்போமாக.